எண்ணெய் வைத்த தலைகள்

1

என் மகள் மாயா தலையில் எண்ணெய் வைப்பதை நிறுத்தி நாலைந்து வருடம் இருக்கும். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைச் சுளித்தாளாம். அன்றைக்குச் சாயங்காலம் குளியலறையில் இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து சமையலறை மேடைமேல் வைத்துவிட்டுப் போனாள். ஊரிலிருந்து வந்த செக்கு எண்ணெய், கீழே ஊற்ற மனசு வரவில்லை. நானும் அப்பளம் பொரித்தே தீர்த்தேன்.

அந்தத் தலை போன வாரம் எனக்கு உபயோகப்பட்டது. பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் மூளையின் மின்னலைகளைப் படிக்கிற தொப்பி ஒன்று இருக்கிறது. உள்பக்கம் முழுக்க சட்டைப் பொத்தான் அளவில் உலோக வில்லைகள். வில்லை தோலோடு சரியாகச் சேர்ந்தால் கணினித் திரையில் அதற்குரிய புள்ளி பச்சையாகும், சேராவிட்டால் சிவப்பு. புதிதாக வந்த தொப்பியைச் சோதிக்க ஆள் வேண்டும் என்றார்கள், மாயாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மாட்டிய உடனே எல்லாப் புள்ளியும் பச்சை. என் பேராசிரியை அருமையான தலை என்று பாராட்டினார். மாயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கோ போன வருடம் இதே மாதம் சிதம்பரத்தில் பார்த்த தலைகள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

நான் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறேன். கடலூரில் அறிவியல் டீச்சராக இருந்தவள், இங்கே ஒரு பள்ளியில் உதவி ஆசிரியை. நாற்பதைத் தாண்டிய பிறகு யார் பேச்சையும் கேட்காமல் கல்வி நரம்பியல் என்கிற முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். பிள்ளைகள் படிக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது, அதை வைத்து நாம் சொல்லிக்கொடுக்கிற விதத்தை மாற்ற முடியுமா, இவ்வளவுதான் விஷயம். முதல் பருவத்திலேயே ஒன்று தெரிந்துகொண்டேன். மூளையைப் பற்றி மனிதனுக்குத் தெரிந்தது கொஞ்சம், வகுப்பறையைப் பற்றித் தெரிந்தது அதைவிடக் கொஞ்சம், இரண்டுக்கும் நடுவில் கடை போட்டு விற்கிற சரக்குத்தான் ஜாஸ்தி. மூளையைத் தூண்டிவிட்டுப் பிள்ளைகளைக் கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்கவைக்கிறோம் என்று கடலூரிலேயே போர்டு தொங்குகிறது.

இந்தப் படிப்பை ஊரில் விளக்கிச் சொல்லத் தலைகீழாக நின்று பார்த்தேன். முடியவில்லை. என் அண்ணன் குமார், தங்கச்சி மூளை டாக்டருக்குப் படிக்குது என்று மஞ்சக்குப்பம் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டான்.

2

ஊருக்குப் போவதற்கு முன் அறநெறிக் குழுவோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்கிறவர்கள் இந்தக் குழுவின் அனுமதியை வாங்கியாக வேண்டும். என் ஆய்வு ரொம்ப எளிமையானது. நம் ஊரில் வகுப்பே சேர்ந்து ராகம் போட்டு வாய்ப்பாடு சொல்கிறது. அப்படிப் படித்த பிள்ளையிடம் ஏழெட்டு எவ்வளவு என்று தனியாகக் கேட்டால் மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப் போகிறேன். குழுவுக்குச் சந்தேகத்துக்கு மேல் சந்தேகம். தொப்பியிலிருந்து மின்சாரம் பாயுமா? பாயாது, அது மூளை கொடுப்பதை வாங்கிக்கொள்ளும், எதையும் உள்ளே அனுப்பாது. இதனால் நோய் கண்டுபிடித்துச் சொல்வீர்களா? மாட்டேன். உங்கள் உறவுக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்களா? சேர்க்க மாட்டேன். இந்தக் கடைசிக் கேள்விக்கு யோசிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் அதிகம் கவலைப்பட்டது ஒரு விஷயத்தில். பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் அது தைரியமாக வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று தமிழில் அழகாக எழுதி ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். ஸ்டெல்லா சிதம்பரத்தில் என்னோடு பி.எட். படித்தவள், இப்போது அங்கேயே ஒரு தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியை. படித்துவிட்டுப் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இத நீ வாசிச்சிக் காட்டுனா பசங்க என்னா சொல்லும் தெரியுமாடி? சரிங்க மிஸ்ஸுன்னு ஒரே குரலா சொல்லும். அவ்ளோதான்."

கடைசியில் அப்படியேதான் நடந்தது.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி தொப்பியை வெளியே எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். நீச்சல் தொப்பியா என்று கேட்டார். பள்ளிப் பிள்ளைகளின் மூளையைப் பார்க்க என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, என் பையன் எட்டாவது படிக்கிறான் மேடம், செல்போனும் கையுமாவே இருக்கான் என்று ஆரம்பித்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. தொப்பி தப்பித்தது.

3

கடலூரில் அண்ணன் வீட்டில்தான் தங்கினேன். அண்ணன் கோர்ட்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அண்ணி கவிதா வீட்டில் இருந்தே துணி தைத்துக் கொடுக்கிறாள். ஒரே பெண் இனியா, இங்கிலீஷ் மீடியத்தில் நாலாவது.

போன அன்றைக்கே அத்தைக்குப் பாடம் வாசித்துக் காட்டச் சொன்னார்கள். இனியா புத்தகத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு கடகடவென்று வாசித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், கேள்விக்குக் குரலை ஏற்றினாள். நான் பாராட்ட வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கையை நீட்டி ஒரு பக்கத்தைத் திருப்பினான். அவள் நிற்கவில்லை. புதுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பழைய பக்கத்தை ஒப்பித்துக்கொண்டு போனாள்.

"பாத்தியா? அத்தினியும் காதுல வாங்கி மனப்பாடம். ஒரு எழுத்து தெரியாது," என்றான் அண்ணன். "இம்மாம் மனப்பாடம் பண்றவளுக்குப் படிக்க மட்டும் வராதா? திமிரு."

ஃப்ரிட்ஜ் மேல் ஒரு மர ஸ்கேல் இருந்தது. அண்ணன் அதை எடுக்கவில்லை, அந்தப் பக்கம் பார்த்தான். இனியாவும் பார்த்தாள். அண்ணி சட்டென்று எழுந்து காபி போடப் போய்விட்டாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அண்ணன் முரடன் இல்லை. தெருவில் ஒரு நாயை அடித்துப் பார்த்ததில்லை. சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போனால் பெண்ணைத் தோளைவிட்டு இறக்க மாட்டான். புத்தகத்தைத் திறந்தால்தான் வேறு ஆளாகிவிடுகிறான். பள்ளியில் இந்த வருடத்தோடு டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம். அந்த அவமானம் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

என் படிப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக வருகிறது. அவர்கள் சோம்பேறிகள் இல்லை, மந்தமும் இல்லை. எழுத்தையும் அதன் ஓசையையும் சேர்த்துவைக்கிற வேலை அவர்களுக்கு மெதுவாக நடக்கிறது. வேறு மாதிரி, ரொம்பப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், கொடுத்தால் படிப்பார்கள். இனியாவும் அப்படித்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, அதற்கென்று தேர்ந்தவர்கள் பார்க்க வேண்டும், ஆனால் அடையாளம் எல்லாம் அதுதான். இதை அண்ணனிடம் தண்ணீர் குடித்துக் குடித்து விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"அதெல்லாம் சரி கலை. நீ மெஷின வெச்சிப் பாத்துச் சொல்லு. மூளைல கோளாறு இருக்குன்னா வுட்டுடறேன், படி படின்னு உசுர வாங்கல, வூட்டோட இருக்கட்டும். கோளாறு இல்லன்னா அதயும் சொல்லிடு. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

அந்த நான் பாத்துக்கறேன் என்னவென்று எனக்குத் தெரியும். இருக்கிறது என்றால் அந்தப் பெண்ணின் படிப்பு அன்றோடு மூட்டை கட்டப்படும். இல்லை என்றால் ஸ்கேல் கீழே இறங்கும். தெரியாது என்றால் இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம் என்பான். உண்மை என்னவோ அந்த மூன்றாவதுதான். ஒரு பிள்ளைக்குத் தொப்பியை மாட்டி அது படிக்குமா படிக்காதா என்று சொல்கிற நிலைக்கு எங்கள் படிப்பு இன்னும் வரவில்லை. நிறையப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் மங்கலாக ஏதோ தெரியும்.

உறவுக்காரப் பிள்ளையைச் சோதிக்கக் கூடாது என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் சட்டம் இருக்கிறது என்றேன். அண்ணன் சிரித்தான். அவனுக்குத் தெரிந்து, சொந்தக்காரர்களுக்குச் செய்யக் கூடாது என்று சட்டம் போட்ட ஊர் அது ஒன்றுதான்.

4

வெள்ளிக்கிழமை காலையில் நான் சிதம்பரம் பஸ் ஏறினபோது அண்ணன், அண்ணி, இனியா மூன்று பேரும் பின்னாலேயே ஏறினார்கள். கடைக்கு லீவு விட்டுவிட்டானாம். இனியாவின் தலைமுடி பஞ்சாகப் பறந்துகொண்டிருந்தது. எண்ணெய் இருந்தால் மெஷின் வேலை செய்யாது என்று நான் முந்தின நாள் போனில் ஸ்டெல்லாவிடம் சொன்னதை அண்ணி காதில் வாங்கியிருக்கிறாள். ராத்திரி ஒரு தடவை, காலையில் ஒரு தடவை ஷாம்பு போட்டு அலசியிருக்கிறாள். எதிர் வீட்டம்மா இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, எங்கயாவது சாவா என்று கேட்டார்களாம். அண்ணி அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. நான் திருப்பி அனுப்பிவிடுவேனோ என்று பஸ் நெடுக என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் நுழைந்தோம். என் பட்டியலில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் மரத்தடியில் வரிசையாக நின்றார்கள். அத்தனை தலையும் வெயிலில் பளபளவென்று மின்னியது. பெண் பிள்ளைகளுக்கு இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன், அதன்மேல் ஒரு துண்டு மல்லிகை. பையன்களுக்கு நெற்றியில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. வழக்கமாக வைப்பதைவிட ஒரு பங்கு கூடவே வைத்து அனுப்பியிருந்தார்கள்.

எண்ணெய் வைக்காமல் அனுப்பவும் என்று பெற்றோருக்குப் போன தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். எல்லாரும் படித்திருந்தார்கள், கையெழுத்தும் போட்டிருந்தார்கள். ஆனால் முந்தின நாள் பிரேயரில் ஸ்டெல்லா, நாளைக்கு லண்டனிலிருந்து மேடம் வராங்க, எல்லாரும் நீட்டாக வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். லீட்ஸ் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது, அதனால் லண்டன். நீட்டாக என்றால் நம் ஊரில் எண்ணெய் வைத்துப் படிய வாரி வருவதுதான். அது போதாதென்று வெள்ளிக்கிழமை வேறு.

வாசலில் நின்ற ஒரு அம்மாவிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"படிச்சங்க மேடம். அதுக்காவ புள்ளைய பரட்டத் தலையோட அனுப்ப முடியுமா? கேக்க நாதியில்லாத புள்ளன்னு நீங்க நெனச்சிக்க மாட்டீங்க?"

அறநெறிக் குழு எத்தனையோ கேள்வி கேட்டது, இதைக் கேட்கவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். இந்த ஊர்க்காரிதானே நான்.

ஒரு தலையில் முயற்சி செய்தேன். எல்லாப் புள்ளியும் சிவப்பு. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன், பாதிக்கு மேல் அப்படியே சிவப்பு, பிள்ளைக்கு எரிச்சலில் கண் கலங்கியது. வேண்டாம் என்று சொல்லலாம் கண்ணு என்றேன். பரவால்ல மிஸ் என்றது. நான்தான் நிறுத்தினேன். குழாயடியில் ஷாம்பு போட்டு விடலாமா என்று ஸ்டெல்லா கேட்டாள். பெற்றோர் அனுமதி தொப்பிக்குத்தான், தலைக்குக் குளிப்பாட்ட இல்லை. இன்னொரு நாள் வைக்கலாம் என்றால் திங்கள்கிழமை முதல் பரீட்சை, நானும் லீட்ஸுக்குத் திரும்பியாக வேண்டும். இப்படியாக என் ஆய்வின் முக்கால் பங்கு ஒரு காலைப் பொழுதில் தேங்காய் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போனது. பேப்பரில் கணக்குக் கொடுத்து விடை வாங்கி, அதை வைத்து ஒப்பேற்றிக்கொண்டு வந்தேன். பேராசிரியை பிறகு என் ஆய்வேட்டைப் படித்துவிட்டு எண்ணெய் பற்றிய பத்திதான் நன்றாக இருக்கிறது என்றார். எப்படியோ பட்டம் கிடைத்துவிடும்போல் இருக்கிறது.

5

பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு ஸ்டெல்லாவும் போய்விட்டாள். அறையில் நான், அண்ணன், அண்ணி, இனியா. அங்கிருந்ததில் தொப்பிக்கு ஏற்ற தலை இனியாவுடையது ஒன்றுதான், அதையோ நான் தொடக் கூடாது. அவள் காலையிலிருந்து ஒரு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் மாட்டு அத்த என்றாள். பதிவு எதுவும் செய்வதில்லை, சும்மா பார்க்க மட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மாட்டினேன்.

எல்லாப் புள்ளியும் பச்சை. திரையில் கோடுகள் ஓட ஆரம்பித்தன. கண்ணைச் சிமிட்டச் சொன்னேன், நெற்றிப் பக்கத்துக் கோடுகள் குதித்தன. அவளுக்கு ஒரே சிரிப்பு. கண்ணை மூடி அமைதியாக இருக்கச் சொன்னேன். பின்மண்டைக் கோடுகள் ஒரே சீராக அலையலையாக எழுந்து வந்தன. கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் யாருக்கும் பெரும்பாலும் வருவதுதான் அது. அதை வைத்துப் படிப்பு வரும் வராது என்று சொல்ல முடியாது.

"எப்பிடி இருக்கு?" என்றான் அண்ணன்.

எல்லாருக்கும் வருவது போலத்தான் வருகிறது என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அப்ப கோளாறு இல்ல என்றான். அதில்லண்ணா என்று நான் ஆரம்பிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினான். எனக்கு அது போதும் என்றான். பெண் பக்கம் திரும்பினான்.

"கேட்டுக்கினியா? ஒனக்கு ஒண்ணும் இல்லியாம்."

இனியா கண்ணைத் திறந்தாள். திரையில் நெற்றிக் கோடுகள் தாறுமாறாகக் குதிக்கத் தொடங்கின. அவள் இமை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றும் காட்டாமல்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை, அண்ணன்மேல் பாதி, என்மேல் பாதி. அவள் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினேன். நீ உக்காருண்ணா என்றேன்.

அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். காலையில் வழித்து வாரிய தலை. தொப்பியை இழுத்து மாட்டிப் பட்டையைக் கட்டினேன். எல்லாப் புள்ளியும் சிவப்பு. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பேயாட்டம் ஆடின. சில கோடுகள் திரையைவிட்டே வெளியே ஓடின.

"அப்பாவுக்குத்தான் ஜாஸ்தியா ஆடுது," என்றாள் இனியா.

அண்ணன் சிரிப்பை நிறுத்தினான். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வெளியே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டது. நான் உடனே பதில் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. கலை, எனக்கு ஏதாவது என்று ஆரம்பித்து அப்படியே விட்டுவிட்டான். மடியில் வைத்திருந்த கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"எண்ணெண்ணா," என்றேன். "நீ காலைல வெச்ச எண்ணெ. எண்ணெ எது, மூளை எதுன்னே இந்த மெஷினுக்குத் தெரியாது. இத நம்பித்தான் நீ அந்தப் புள்ளைக்குத் தீர்ப்பு சொல்லப் போற."

அவன் தொப்பியைத் தானே கழற்றினான். இனியா பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள், அப்படியென்றால் தனக்கு மட்டும் ஏன் எழுத்து மனசில் நிற்க மாட்டேன் என்கிறது என்று. எனக்குச் சரியாகத் தெரியாது என்றேன். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து இந்த வயதில் படிக்கிறேன், பாதி புரியவில்லை, டீச்சர் கேள்வி கேட்டால் பேந்தப் பேந்த முழிக்கிறேன் என்றேன். பொய் ஒன்றும் இல்லை.

அவள் காலை ஆட்டுவதை நிறுத்தினாள்.

"ஒனக்கும் படிக்க வரலியா அத்த?"

"வரலடி."

"அப்ப ஒன்னயும் அப்பா அடிப்பாரா?"

கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அண்ணன் தொப்பியை மேசைமேல் வைத்தான். வைத்த இடம் சரியில்லாததுபோல் எடுத்து மறுபடி வைத்தான். பிறகு வந்து அந்தச் சின்னப் பெஞ்சில், அவள் பக்கத்தில், முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

"இல்லம்மா," என்றான். "இனிமே ரெண்டு பேரையும் அடிக்கல."